போர்க்கால ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்ன கற்றுக்கொடுத்தது?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் நாட்டுக்காகச் சாகவும் தயாராக இருந்தார்களாமே, அவர்கள் பாடப்புத்தகத்தில் அப்படி என்னதான் எழுதியிருந்தது? அதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே நம்பினார்களா?

பாடப்புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பக்கத்துக்குப் பக்கம் வெறுப்பு கொட்டிக் கிடக்கும் என்று நினைத்துத் திறந்தால், பெரும்பாலும் நம் நீதிபோதனை வகுப்பில் கேட்டதுதான் இருக்கும். காலையில் எழுந்திரு, அம்மா அப்பா பேச்சைக் கேள், தம்பி தங்கையோடு சண்டை போடாதே, பொருளை வீணாக்காதே. அதனால் புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிள்ளைகள் எதற்கெல்லாம் குனிந்தார்கள் என்று பார்ப்போம்.

1890 அக்டோபர் 30 அன்று மெய்ஜி பேரரசர் பெயரில் கல்வி பற்றி ஓர் ஆணை வெளியானது. மூலத்தில் 315 எழுத்துகள்தான். பெற்றோரைப் பேணு, உடன்பிறந்தவரோடு இணங்கி இரு, கணவன் மனைவி ஒற்றுமையாக வாழுங்கள், நண்பர்களுக்கு உண்மையாக இரு, படி, தொழில் கற்றுக்கொள், சட்டத்தை மதி என்று வரிசையாகப் போகும். ஆத்திசூடிக்குப் பக்கத்தில் வைத்தால்கூடப் பெரிதாக உறுத்தாது. அந்த வரிசையிலேயே, குரலை உயர்த்தாமல், இன்னொன்றும் வந்துவிடும்: நெருக்கடி என்று வந்தால் துணிந்து உன்னை நாட்டுக்குக் கொடு, வானும் மண்ணும் உள்ளவரை நிலைக்கும் அரியணையைக் காப்பாற்று. அப்பா அம்மாவை மதிக்கவேண்டும் என்பதை எந்தப் பிள்ளை மறுக்கும்? அதற்குத் தலையாட்டிய பிள்ளை அடுத்த வரிக்கும் தலையாட்டத்தானே வேண்டும். இந்த ஆணையை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

புத்தாண்டு, பிப்ரவரி 11இல் நாடு பிறந்த நாள், பேரரசரின் பிறந்தநாள் போன்ற விழா நாட்களில் பள்ளி மண்டபத்தில் எல்லாரும் கூடவேண்டும். தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து அந்தச் சுருளை இரண்டு கையாலும் எடுத்து, ஒருவிதமான நடுங்கும் ராகத்தில் வாசிப்பார். வாசித்து முடியும்வரை யாரும் தலை நிமிரக்கூடாது, இருமக்கூடாது. பிப்ரவரி குளிரில் மூக்கு ஒழுகும், உறிஞ்சவும் கூடாது. வாசிப்பு முடிந்து தலை நிமிர்ந்ததும் மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்குமாம். அந்தத் தலைமுறையின் நினைவுக் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வரும். வாசகம் பழைய நடை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. விழா முடிந்ததும் சிவப்பும் வெள்ளையுமாக இனிப்புப் பண்டம் கொடுப்பார்கள். அதற்காகவே காத்திருந்தோம் என்று எழுதியவர்களும் உண்டு.

குனிவதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1891 ஜனவரி 9 அன்று தோக்கியோவின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உச்சிமுரா கான்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர் ஆணையின் முன் போதிய அளவு குனியவில்லை என்று புகார் எழுந்தது. அவர் தலை வணங்காமல் இல்லை, வணங்கிய ஆழம்தான் பத்தவில்லை. அதற்கே வேலை போனது.

ஆணையோடு பேரரசர், பேரரசி புகைப்படமும் பள்ளிகளுக்கு வந்தது. நெருப்போ நிலநடுக்கமோ வந்தால் முதலில் காப்பாற்றவேண்டியது படத்தைத்தான். 1898இல் நாகானோ மாகாணத்தின் உவேதா நகரில் பள்ளி தீப்பிடித்துப் படம் எரிந்துபோனது. தலைமையாசிரியர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். பிற்பாடு நெருப்புக்குத் தாங்கும் கான்கிரீட்டில், கோவில் சன்னிதிபோல ஒரு சின்னக் கட்டடத்தைப் பள்ளி வளாகத்திலேயே கட்டி உள்ளே படத்தையும் ஆணையையும் வைத்துப் பூட்டினார்கள். காலையில் வரும்போதும் மாலையில் போகும்போதும் அதன் முன் நின்று குனிந்துவிட்டுத்தான் நகரவேண்டும். பல ஊர்களில் பள்ளிக் கட்டடமே மரம், அந்தப் படம் இருந்த அறைதான் கான்கிரீட். (1942க்குப் பிறகு ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளும் கிழக்கே தோக்கியோ அரண்மனைத் திசை பார்த்துக் குனிந்தவர்கள்தான். அந்த வயதுக்காரர்கள் சிலருக்கு ஜப்பானிய எண்களும் தேசிய கீதமும் கடைசிவரை மறக்கவில்லை.)

சரி, இப்போது புத்தகத்துக்கு வருவோம். 1902இல் பதிப்பகங்கள் லஞ்சம் கொடுத்த ஊழல் ஒன்று வெடித்தது. அதையே சாக்காக வைத்து, 1904 முதல் தொடக்கப்பள்ளிப் புத்தகங்களை அரசே தயாரிக்க ஆரம்பித்தது. முதல் வகுப்பு மொழிப்பாட நூலின் முதல் பக்கம் எப்படி மாறியது என்று மட்டும் பாருங்கள். 1918 பதிப்பு நம் ‘அணில், ஆடு’ மாதிரி பூ, புறா, அவரை என்று தொடங்கும். 1933 பதிப்பில் ‘பூத்தது, பூத்தது, செர்ரி பூத்தது’. அழகான பக்கம், வண்ணப்படம் வேறு. அடுத்து ஒரு நாய்க்குட்டியை வா வா என்று கூப்பிடுவார்கள். அதற்கடுத்து ‘முன்னேறு, முன்னேறு, சிப்பாயே முன்னேறு’. பூ, நாய்க்குட்டி, சிப்பாய் என்று மூன்றும் ஒரே தாளத்தில் வருகின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்றும் ஒரே மாதிரி விளையாட்டுச் சாமான். எந்த வசைச் சொல்லையும்விட இந்த வரிசைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீதிபோதனைப் பாடத்தில் எல்லாருக்கும் தெரிந்த நாயகன் கிகுச்சி கொஹேய். 1894இல் சீனாவோடு நடந்த போரில் ஊதுகொம்பு ஊதிய சிப்பாய். எதிரியின் குண்டு பட்டுச் செத்த பிறகும் கொம்பை வாயிலிருந்து எடுக்கவில்லை என்பதுதான் மொத்தப் பாடமுமே. இதில் ஒரு வேடிக்கை. முதலில் அந்த வீரர் ஷிராகாமி கென்ஜிரோ என்ற வேறொருவர் என்றுதான் நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். அப்புறம்தான் பெயர் மாறியது. கொம்பை விடாத பிணத்துக்கு என்ன பெயர் என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை போல.

நடுநிலைப் பள்ளிகளுக்கு 1925இலேயே பணியில் இருந்த ராணுவ அதிகாரிகளை அனுப்பி அணிவகுப்புப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1941 ஏப்ரலில் தொடக்கப்பள்ளி என்ற பெயரே போய் ‘தேசப் பள்ளி’ ஆனது. பிள்ளைகளுக்குப் பெயர் ‘சிறு குடிமக்கள்’. பாடங்களின் நோக்கம் பேரரசரின் குடிகளைப் பண்படுத்துவது என்று சட்டமே சொன்னது. இந்தக் கட்டத்தில்தான் எல்லாப் பாடத்திலும் போர் கசிந்தது. பாட்டு வகுப்பில் டோ ரே மி எதிரியின் சங்கதி என்று ஜப்பானிய எழுத்துகளாலேயே சுரங்களைச் சொல்லவைத்தார்கள். காதைப் பழக்கும் பயிற்சி வேறு. எதற்கென்றால், வானத்தில் வரும் விமானம் நம்முடையதா அவர்களுடையதா என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க. அதற்கென்று எதிரி விமான ஒலியைப் பதிந்த இசைத்தட்டுகள்கூட வந்தன. பேஸ்பாலில் ஆங்கில அறிவிப்புச் சொற்களை எடுத்துவிட்டு ‘நல்லது’, ‘கூடாது’ என்று கத்தினார்கள்.

சாப்பாட்டு டப்பாவும் தப்பவில்லை. 1939 செப்டம்பர் முதல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நாட்டுக்குத் தொண்டு செய்யும் நாள். அன்று பள்ளிக்கு வெள்ளைச் சோறும் நடுவில் ஒரே ஒரு சிவந்த உப்புப் பிளம் ஊறுகாயும்தான் கொண்டுவரலாம். டப்பாவைத் திறந்தால் ஜப்பான் கொடி. கொடியைத் தின்றே பசியாறிய தலைமுறை அது. போர் முற்றியபோது அந்த வெள்ளைச் சோறும் கிடைக்கவில்லை.

வெறுப்பு எங்கே வந்தது என்று கேட்டால் பொம்மைகளைச் சொல்வேன். 1927இல் அமெரிக்காவிலிருந்து 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்கு நட்புப் பரிசாக வந்தன. மார்ச் 3ஆம் தேதி பெண் பிள்ளைகளுக்காக நம் கொலு மாதிரி படிகட்டிப் பொம்மை வைப்பார்கள், அந்த விழாவுக்காக அனுப்பியவை. ஒவ்வொன்றுக்கும் பெயர், மாற்று உடை, சின்னதாகக் கடவுச்சீட்டுகூட உண்டு. பள்ளிகள் பாட்டுப் பாடி வரவேற்றன. 1943இல் அதே பொம்மைகள் ஒற்றர்கள் ஆகிவிட்டன. ஆவோமோரி மாகாணத்தில் ஒரு பள்ளியில் இவற்றை என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டதைப் பத்திரிகை செய்தியாகப் போட்டது. எரி என்றவர்கள்தான் அதிகம். உடை, கடலில் போடு, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துத் தினமும் கொடுமைப்படுத்து என்றும் பதில்கள் வந்தன. பல பள்ளிகளில் முற்றத்தில் போட்டு எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தவைத்தார்கள். 300 சொச்சம் மட்டும் தப்பின. பெரும்பாலும் யாரோ ஓர் ஆசிரியை பரணிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒளித்துவைத்தவை. என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேட்டதை நினைத்துப் பாருங்கள். சரியான பதில் எது என்று வகுப்பில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. எல்லா ஆசிரியரும் அடித்து மிரட்டிய முரடர்கள் என்று நினைத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் முரடன் சொல்வதைப் பிள்ளைகள் பயத்தில்தான் செய்யும், ஆசிரியர் கண்ணில் படாத நேரத்தில் விட்டுவிடும். பிரியமான வாத்தியார் சொன்னால்தான் வீட்டுக்குப் போன பிறகும் செய்யும். வேறு மாதிரி கற்றுக்கொடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். வட ஜப்பான் கிராமங்களில் சில ஆசிரியர்கள், உன் வீட்டில் நேற்று என்ன நடந்ததோ அதை அப்படியே கட்டுரையாக எழுது என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் கடன், பசி, விற்ற குதிரை என்று எழுதின. 1940, 1941இல் ஹொக்கைடோவில் இப்படிக் கட்டுரை எழுதவைத்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வறுமையைப் பற்றி எழுதவைப்பதே புரட்சி வேலையாம்.

நாகானோவின் கதை இன்னும் கசப்பானது. ஆசிரியர்கள் மிகவும் முற்போக்கானவர்கள் என்று பெயர் பெற்ற மாகாணம் அது. 1933இல் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அங்கே ஆசிரியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கைது செய்தார்கள். மிச்சமிருந்தவர்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்டியாகவேண்டும். 1938 முதல், ஜப்பான் பிடித்துவைத்திருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் நிலம் திருத்தப் பதினாலு வயதுப் பையன்களிலிருந்து தொண்டர் படை திரட்டினார்கள். மாகாணத்துக்கு இத்தனை, பள்ளிக்கு இத்தனை என்று கணக்கு வந்தது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், இரண்டாவது மூன்றாவது மகன்களாகப் பார்த்து, இருபது ஏக்கருக்கும் மேல் நிலம் கிடைக்கும் என்று அப்பாவிடம் பேசினார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 86,000 பையன்கள் போனார்கள். அதிகம் அனுப்பியது நாகானோ. 1945 ஆகஸ்டில் சோவியத் படை நுழைந்தபோது அவர்களில் பலர் எல்லையோரத்தில் இருந்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

1944க்குப் பிறகு பாடம் என்பதே கிட்டத்தட்ட நின்றுபோனது. நகரத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, வகுப்பு வகுப்பாகக் கிராமத்துக் கோவில்களிலும் சத்திரங்களிலும் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஆசிரியர் படித்துப் பார்ப்பார். பசிக்கிறது என்று எழுதமுடியாது, நலமாக இருக்கிறேன் என்றுதான் எழுதலாம். பெண் பிள்ளைகள் அஞ்சாங்கல் மாதிரி தூக்கிப்போட்டு விளையாடும் துணிப்பைகளைக் கொண்டுபோயிருந்தார்கள். அவற்றுக்குள் அவரை விதை இருக்கும். ஒவ்வொரு பையாகப் பிரித்துத் தின்றுவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை 1945 மார்ச்சில் பள்ளிப் படிப்பு முடியும் விழாவுக்காகத் தோக்கியோவுக்குத் திருப்பி அழைத்துவந்தார்கள். மார்ச் 10 அதிகாலையில் அமெரிக்க விமானங்கள் தோக்கியோவின் கிழக்குப் பகுதியை எரித்தன. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள், ஊர் திரும்பிய அந்தப் பிள்ளைகளில் பலரும் அதில் அடக்கம்.

பெரிய பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். பெண்கள் பள்ளி மாணவிகள் காகிதம் ஒட்டினார்கள். நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரக் கிழங்கு ஒன்றின் மாவில் பசை காய்ச்சி, கையால் செய்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, பத்து மீட்டர் விட்டமுள்ள பலூன் செய்தார்கள். அதில் குண்டு கட்டி, குளிர்கால மேல்காற்றில் விட்டால் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போய்ச் சேரும். 1944 நவம்பரிலிருந்து ஏறத்தாழ 9,300 பலூன்கள் பறந்தன. போரில் அவற்றால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. 1945 மே 5 அன்று ஒரெகன் மாநிலத்தில் பிளை என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், ஞாயிறு வேதபாடப் பிள்ளைகள் ஐந்து பேரும் அவர்களை அழைத்துப்போன கர்ப்பிணிப் பெண் ஒருவரும் ஒரு பலூனைப் பார்த்து அருகில் போனார்கள். ஆறு பேரும் செத்தார்கள். பிள்ளைகள் 11 முதல் 14 வயது. ஒட்டிய மாணவிகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். தங்கள் பலூன் யாரைக் கொன்றது என்று நாற்பது வருடம் கழித்துத்தான் அவர்களில் சிலருக்குத் தெரியவந்தது. 1987இல் ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்து அந்த ஊருக்கு அனுப்பினார்கள்.

ஜப்பானின் தென்கோடித் தீவான ஒகினாவாவில் என்ன நடந்தது என்பது தனியாகவே எழுதவேண்டிய விஷயம். சுருக்கமாக: 1945 மார்ச்சில் ஹிமெயூரி என்று அறியப்பட்ட இரண்டு பள்ளிகளின் மாணவிகள் 222 பேரும் ஆசிரியர்கள் 18 பேரும் குகைகளில் இயங்கிய ராணுவ மருத்துவமனைக்குத் தாதிகளாகப் போனார்கள். ஜூன் 18 அன்று, தோற்பது உறுதியான பிறகு, இனி உங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படை அவர்களைக் கலைத்துவிட்டது. செத்த 136 பேரில் பெரும்பாலோர் அதற்குப் பிந்தைய சில நாட்களில்தான் செத்தார்கள். சரணடைந்தால் அமெரிக்கர்கள் என்ன செய்வார்கள் என்று பள்ளியில் கேட்டிருந்ததுதான் அவர்களை வெளியே வரவிடவில்லை. ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 காலை, தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துச் சந்து உண்டாக்கும் வேலைக்கு வந்திருந்த 12, 13 வயது மாணவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள்.

நம்பினார்களா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். வயதைப் பொறுத்தது. போர் தொடங்கியபோது பத்து, பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள்தான் முழுக்க நம்பியவர்கள். பின்னாளில் அவர்களே தங்களைப் ‘படைநாட்டுப் பிள்ளைகள்’ என்று ஒருவிதக் கூச்சத்தோடு சொல்லிக்கொண்டார்கள். அவர்களின் அண்ணன்மார் வேறு காலத்துப் புத்தகங்களையும் படித்தவர்கள், உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது, ஆனாலும் போனார்கள். தம்பி தங்கைகளுக்குப் பேரரசரைவிடச் சோறுதான் பெரிய நினைப்பு. அப்பா அம்மா சிலர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தப் போர் தோற்கும் என்று முணுமுணுத்ததும், பிள்ளை அதைக் கேட்டு ஆத்திரப்பட்டதும் நினைவுக் குறிப்புகளில் உண்டு. இத்தனை விதமாக இருந்தும் விழா நாளில் எல்லாத் தலையும் ஒரே கோணத்தில்தான் குனிந்தது. ஆட்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

1945 ஆகஸ்ட் 15இல் பேரரசர் வானொலியில் தோல்வியை அறிவித்தார். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது புதுப் புத்தகம் அச்சிடக் காகிதம் இல்லை. போர் சம்பந்தமான பகுதிகளை நீக்கச் சொல்லி அந்த மாதம் 20ஆம் தேதி கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டது. வகுப்பில் ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் வாசிக்க, பிள்ளைகள் மையை உரைத்துத் தூரிகையால் அந்த வரிகளைக் கறுப்பாக்கினார்கள். படிக்கும் முன் புத்தகத்தை நெற்றிக்கு மேல் தூக்கி வணங்கக் கற்றிருந்த பிள்ளைகள் அவர்கள். காகிதம் மட்டமானது, மையும் நீர்த்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரியும், மறுபடி பூசச் சொல்வார்கள். சில பக்கங்கள் முழுக்கக் கறுப்பு.

அந்த நாளைப் பற்றி எழுதிய பலர் அழிந்த வரி என்ன என்பதைச் சொல்வதில்லை, ஆசிரியரைத்தான் சொல்கிறார்கள். நேற்றுவரை இந்த வரியைத் தப்பாக ஒப்பித்ததற்கு அறைந்தவர், இன்று அதே குரலில் இதை அழி என்றார். அதன் பிறகு எந்தப் பெரியவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. ஆசிரியர்களில் சிலர் வேலையை விட்டார்கள். பெரும்பாலோர் தொடர்ந்தார்கள். மாணவரை இனி போர்க்களத்துக்கு அனுப்பமாட்டோம் என்று 1951இல் ஆசிரியர் சங்கம் முழக்கம் எழுப்பியதில் இந்தக் குற்ற உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. போரின்போது ஆசிரியராக இருந்து எதிர்க்காமல் போனோமே என்று வருந்திய வரலாற்றாசிரியர் இயெனகா சபுரோ, தன் பாடநூலில் அரசு கைவைத்ததை எதிர்த்து 1965இல் வழக்குப் போட்டார். அடுத்தடுத்து மூன்று வழக்குகள். கடைசித் தீர்ப்பு 1997இல் வந்தது.

1945 கடைசி நாளில் நீதிபோதனை, வரலாறு, புவியியல் மூன்றையும், தோற்ற ஜப்பானைத் தன் பிடியில் வைத்திருந்த அமெரிக்க ராணுவ ஆட்சி நிறுத்திவைத்தது. படம் வைத்த கான்கிரீட் அறைகளை அடுத்த ஆண்டு இடித்தார்கள். கல்வி ஆணை செல்லாது என்று நாடாளுமன்றம் 1948 ஜூன் 19இல்தான் தீர்மானம் போட்டது. ஆனால் மனப்பாடத்தில் இருந்ததை மையால் அழிக்க முடியாதே. அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் எண்பது, தொண்ணூறு வயதிலும், ‘சின் ஒமோவுனி’ என்று முதல் இரண்டு சொல்லை எடுத்துக்கொடுத்தால், 315 எழுத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்கள்.